உதடில்லாத ஆர்க்கிட்

பூவில் உதடு இல்லை. ஆர்க்கிட் பூவின் கீழ்ப்பக்கம் உதடு மாதிரி ஓர் இதழ் துருத்திக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் பூவுக்கு மேல், கீழ், இடம், வலம் எல்லாம். இந்தப் பூவிலோ அந்த இடத்திலும் மற்றவற்றைப் போலவே சாதாரண இதழ். தண்டைப் பிடித்து எந்தப் பக்கம் சுழற்றினாலும் பூ அப்படியே இருந்தது, ஏதோ அவளையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

தப்பு அவளுடையதுதான். தாய்ச்செடியின் குருத்தை நறுக்கி, கண்ணாடிப் புட்டிகளில் கன்றுகளாகப் பெருக்குவது பண்ணையில் அவள் வேலை. ஒரே தாயை ஓரளவுக்குமேல் வெட்டாதே, பூ மாறிப்போகும் என்று மேலாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நன்றாகத்தான் பெருகுகிறதே என்ற ஆசையில் அவள் வெட்டிக்கொண்டே போனாள். கன்றுகள் எல்லாம் இப்படி உதடில்லாமலே பூக்க, கடைசியில் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார்கள். மனசு கேட்காமல் ஒன்றை மட்டும் பைக்குள் ஒளித்து மகளுக்குக் கொண்டுவந்தாள்.

குட்டிக்கு அந்தப் பூ என்றால் உயிர். பள்ளி விட்டு வந்ததும் ஜன்னலோரம் மண்டியிட்டு, மூக்கு உரசும்படி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அறை முழுக்க ஈரப் பாசி வாசனையும் அதற்கடியில் ஆறிய பாலைப் போல ஏதோ ஒன்றும் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவள் இடக் கன்னத்து மச்சம் வலக் கன்னத்திலும் இருந்தது. அப்பாக்காரர் அழகுக்கு அழகு என்று சிரித்தார். மருத்துவர் வெயிலைக் காரணம் சொன்னார். பிறகு தெற்றுப்பல் தானாக நேரானது. புருவத்துத் தழும்பு மெல்ல நகர்ந்து நெற்றி நடுவுக்கு வந்தது. யாரிடம் சொன்னாலும் உனக்கு வேறு வேலை இல்லையா என்றார்கள்.

குட்டியும் அந்தப் பூவைப் போல மாறுகிறாள் என்று பயந்து, அம்மா செடியைப் பிடுங்கிக் கொல்லையில் எரித்தாள். எரியும்போதே அவளுக்குத் தெரிந்தது. பண்ணையில் ஒருமுறை மாறிய செடி எதுவும் பழையபடி பூத்ததில்லை. சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெற்றவள்தான், ஆனால் செய்ய ஒன்றுமில்லை.

மறுநாள் மாலை குட்டியை முன்னால் உட்காரவைத்துத் தலை சீவினாள். கூடத்தில் அப்பாக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பின்னந்தலையில் சீப்பு எதிலோ தடுத்தது. சிக்கு என்று நினைத்து விரல் விட்டாள்.

விரலில் சூடு பட்டது. விட்டு விட்டு. மூச்சு.

"மெதுவாம்மா," என்றாள் குட்டி, திரும்பாமல். "அவ தூங்குறா. எழுப்பிடாத."

கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். எழுப்பிவிடுவோமோ என்று மூடிக்கொண்டாள். கை மட்டும் தன்பாட்டுக்கு முடியை விலக்கியது. சின்ன மூக்கு. மூடிய இமைகள். காதோரம் தோல் புடைத்து, அங்கேயும் ஏதோ உருவாகிக்கொண்டிருந்தது.

சீப்பை எடுக்கவும் முடியவில்லை. சீவவும் முடியவில்லை.

சீப்பின் பற்களுக்கு நடுவே இமைகள் மெல்லத் திறந்தன.