அதிகாரிக்குச் சொன்ன வீடு

வாசல் கதவு நீலமாக இருந்தது.

ஐந்து வருடம் எதிரியின் சிறையில் கிடந்து வந்தவனுக்குக் கதவின் நிறமா பெரிது என்று விமானி தன்னையே கேலி செய்துகொண்டான். அவன் கடைசியாகக் கிளம்பிப் போன அன்று அது பழுப்பு. நடுவில் மனைவி பெயின்ட் அடித்திருப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் உள்ளே வைத்த காலை ஒருமுறை பின்னால் இழுத்துக்கொண்டான். ஏனென்றால் நீலக் கதவு அவன் சொன்ன பொய்.

சிறையில் விசாரணை அதிகாரி தினமும் அதே கேள்விகளைத்தான் கேட்பான். வீட்டுக் கதவு என்ன நிறம்? பிள்ளைகள் எத்தனை? பக்கத்து அறைக் கைதி வாய் தவறித் தன் மகன் பெயரைச் சொல்லிவிட்டான். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அடித்தே பத்து நாளில் அவனைப் பைத்தியமாக்கினார்கள். அதனால் விமானி தன் மூன்று வயது மகனை நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டு வாய்க்கு வந்ததை அளந்துவிட்டான். நீலக் கதவு. ஒரே மகள். ஊஞ்சலிலிருந்து விழுந்து இடது புருவத்தில் தழும்பு. நகத்தைப் பிடுங்கியபோதும் அதில் ஒரு சொல் மாறவில்லை. ஊரெல்லாம் அதை வீரம் என்றது. பொய்யை மறக்காமல் இருப்பதற்குப் பெயர் வீரமாம்!

கூடத்தில் மத்தியான வெயில் சதுரமாக விழுந்திருந்தது. புதுப் பெயின்ட் வாடையும் சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனையும் ஒன்றாகக் கலந்து வர, எங்கோ ஒரு குழாய் மெல்லச் சொட்டிக்கொண்டிருக்க, மனைவி அவன் தோளில் முகம் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். அவனும் அழுதான். அழுதுகொண்டே செருப்பு அடுக்கைப் பார்த்தான். ஒரு சிறுமியின் பள்ளிக்கூட ஷூ மட்டும் இருந்தது.

"பையன் எங்க?"

"எந்தப் பையன்?"

"விளையாடாதே. நம்ம பையன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கொஞ்ச நாளைக்குக் குழப்பமாத்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாருங்க. நமக்கு ஒரே பொண்ணுதானே?" உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏ குட்டி, அப்பா வந்துட்டாரு பாரு!"

பத்து வயதுச் சிறுமி வந்தாள். புருவத்தில் தழும்பு. இடது புருவம்.

அவன் படுக்கையறை வாசலுக்கு ஓடினான். மகனை நிற்க வைத்து உயரம் குறித்த இடம் அங்கே கதவு நிலையில் இருந்தது. பாதி வளர்ந்திருந்த நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினான். அடியில் பென்சில் கோடு தெரிந்தது. அவன் தொடை உயரத்தில். உயிர் வந்தது அவனுக்கு.

"அங்க என்னப்பா பார்க்கிறீங்க?"

சிறுமி பின்னால் நின்றிருந்தாள். அவன் சட்டென்று கோட்டை உள்ளங்கையால் மறைத்தான். ஏன் மறைத்தான் என்று அவனுக்கே புரியவில்லை. கைக்குத்தான் புரிந்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா."

"அப்போ சாப்பிட வாங்க."

மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். "ஸ்கூல்ல அப்பாவைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

அவன் வாயைத் திறந்தான்.

"அப்பா!"

பின்னறையிலிருந்து. மழலை மாறாத குரல். அவன் மகனுக்கு இப்போது எட்டு வயது இருக்க வேண்டும். இந்தக் குரலுக்கு மூன்றுதான்.

"அப்பா, கதவைத் திற. இருட்டா இருக்கு."

மனைவி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. சிறுமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். கண் இமைக்காமல். அந்த அதிகாரி பார்த்த அதே பார்வை.

திரும்பக் கூடாது. திரும்பினால் தெரிந்துவிடும். தெரிந்தால் பிள்ளை போய்விடுவான்.

"ஒரே பொண்ணு," என்றான்.

கதவைத் தட்டும் சத்தம். ரொம்பக் கீழே. சின்னக் கை.

"நான் இங்கதான்பா இருக்கேன்."

சிறுமி எழுதினாள். அடிக்கோடு போட்டாள். "சத்தம் ஏதாவது கேட்குதாப்பா?"

"இல்லையே."

அவன் சோற்றைப் பிசைந்தான். ஒரு வாய் விழுங்கினான். பின்னால் குழந்தை வீறிட ஆரம்பித்தது. இன்னொரு வாய். மனைவி குனிந்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டாள். போடு என்று அவன் தட்டை நகர்த்திக் கொடுத்தான்.