பிஸ்கட் டப்பாவில் பதிந்த ரேகை

காலை 6.40.

சர்க்கரை மானியின் சின்னத் திரையில் அம்மாவுக்கு 243 என்று எழுந்த அதே நேரம், டாக்டரிடம் கூட்டிப்போக வந்திருந்த மகள் சமையலறையில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளே நிறைத்து வைத்தது. நாலே நாலு மிச்சம்.

"வெறும் வயித்துல இருநூத்தி நாப்பத்திமூணு." டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டும்மா. இதுக்கு உன் டிபார்ட்மென்ட் வேண்டாம்."

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து நாலு வருஷம் காவல்துறையில் கைரேகை நிபுணர். அங்கே அவர் பெயரே 'ரேகைக்காரம்மா'தான். பதினாலு வருஷமாகச் சர்க்கரையோடு குடித்தனம். பழைய கேடியைக் கண்காணிப்பது போல, அதற்கும் ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் கையெழுத்து வாங்கி வந்தார்.

"நான் தொடலை."

"அப்ப யாரு, அப்பாவா? அவரால சட்டைப் பொத்தானே போட முடியலை."

பக்கவாதத்தில் வலது கை தளர்ந்த அப்பா, ஜன்னலோர நாற்காலியில் ஆரஞ்சுச் சுளையை மென்றுகொண்டிருந்தார். ஏழரைக்கு உடற்பயிற்சி கொடுப்பவர் வருவார். அவர் வரும் நாட்களில் காலி வயிறு கூடாது என்று, எழுந்ததும் அவருக்குப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா தன் விரலைக் குத்துவார்.

"பத்து மணிக்கு டாக்டர்," என்றாள் மகள். "இன்சுலினைக் கூட்டச் சொல்லப்போறேன். அடுத்த மாசம் ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடுங்க. காவல் இல்லாம இனிமே சரிப்படாது."

மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று ரேகைக்காரம்மாவுக்குத் தெரியும். நேற்றுக் காலை 114. அந்த உடம்பில் கூடுதல் மருந்து ஏறினால் ஒருநாள் குளியலறையில் மயங்கிக் கிடப்பார். தூக்கிவிட இந்த வீட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒரு நல்ல கை. பத்து மணிக்குள் குற்றவாளி அகப்பட்டாக வேண்டும்.

6.50. "உன் விரலைக் காட்டு."

மகளுக்கு 94. "மெஷின் மேல பழி போடாதே."

"போடலை. சந்தேகப் பட்டியல்ல ஒரு பேரை அடிச்சிட்டேன்."

சோதனைப் பட்டைகளின் தேதி சரி. நேற்றிரவுச் சாப்பாடு வழக்கம்போலத்தான். நோட்டைப் புரட்டினார். திங்கள் 251. செவ்வாய் 109. புதன் 238. வியாழன் 114. வெள்ளி, இன்று, 243.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள். எந்தத் திருடனும் இவ்வளவு ஒழுங்கா டூட்டிக்கு வந்து நான் பாத்ததில்லை."

"திருடி யாருன்னு எனக்குத் தெரியுமே."

7.00. அம்மா முகப்பவுடரையும் மெல்லிய தூரிகையையும் எடுத்து வந்தார். டப்பா மூடியில் தூவி ஊதினார். மகளின் ரேகைகளுக்கு ஓரமாக ஒரு கட்டைவிரல் ரேகை எழுந்தது. அதைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பழக்க தோஷத்தில் மானியின் மேலும் தூவினார். அங்கே எழுந்தது அவருடைய விரல்தான். ஆனால் பள்ளமெல்லாம் தூர்ந்து, பவுடர் பசைபோல ஒட்டிக்கொண்டு நின்றது.

சுத்தமான விரல் இப்படி ரேகை விடாது. மானியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இந்தா, இதை உரி." ஓர் ஆரஞ்சை மகளிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்."

"திங்கச் சொல்லலை. உரிக்கச் சொன்னேன்."

மகள் உரித்தாள்; துண்டில் கை துடைத்தாள். அம்மா அவள் விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் குத்தினார்.

226.

"எத்தனை பிஸ்கட் தின்னே?" பழைய விசாரணைக் குரல்.

"அம்மா, நீ பாத்துக்கிட்டேதானே இருந்தே?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. போய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைச்சிட்டு வா."

97.

பிறகு அம்மாவும் கழுவிவிட்டு வந்தார். 117.

"குற்றவாளி இந்த விரல்தான்," என்றார். "பழத்தோட சர்க்கரை தோல்ல ஒட்டிக்குது. ரத்தம் ஒரு சொட்டு. அதுல அதுவும் கலந்துடுது. ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும், சர்க்கரையை ஒழுங்கா எடுக்காது. தண்ணி வேணும். திங்கள், புதன், வெள்ளி உங்கப்பாவுக்குப் பயிற்சி. நான் முதல்ல பழம் உரிக்கிறேன். தொட்டதெல்லாம் விரல்ல இருக்கும்னு முப்பத்து நாலு வருஷம் கோர்ட்டுல சாட்சி சொன்னவ, என் விரலை நானே பாக்கலை."

மகள் நோட்டை எடுத்துத் தன் கைப்பையில் வைத்தாள். "டாக்டர்கிட்ட இதையே சொல்லுவோம். கூட்டச் சொல்லமாட்டேன்." பையை மூடிக்கொண்டே, "என் வீட்டு ரூம் எங்கயும் ஓடிப்போயிடாது. உனக்கா எப்பத் தோணுதோ அப்ப வா," என்றாள். பிறகு டப்பாவைப் பார்த்தாள். "சரி, பிஸ்கட்டை யார் தின்னது?"

மூடியில் அந்தக் கட்டைவிரல் வெள்ளையாகப் பளிச்சிட்டது. இடது கை. நடுவே அழகான சுழி. கல்யாணமான வாரம் தன் தொழில் பயிற்சிக்காகக் கணவர் விரலில் மை தடவி எடுத்த அதே சுழி. ஜன்னலோரம் மெல்லும் சத்தம் நின்றுபோயிருந்தது.

அம்மா முந்தானையால் மூடியை அழுத்தித் துடைத்தார். "ரேகை கலைஞ்சுபோச்சு. இந்தக் கேஸ் நிக்காது."

7.30. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறக்கப் போகும் வழியில் அவர் நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

"டப்பா மூடியைத் திறக்கிற அளவுக்கு இடது கை பழகிடுச்சுன்னு பயிற்சிக்காரர்கிட்ட சொல்லிடறேங்க. இன்னிக்குப் பயிற்சியில ரெண்டு சுத்து கூடவே வைப்பார்."