செவ்வாய் பத்து மணிக்குத் திறக்காது!

போன் அடிக்கவில்லை.

அதுதான் பிரச்னையே!

செவ்வாய்க்கிழமை. காலை மணி பத்து பன்னிரண்டு. பிலிப்பைன்ஸின் செபு நகரம், ஒன்பதாவது மாடி கால் சென்டர். ஜோவிலின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். மின்புத்தகம் விற்கும் கம்பெனி ஒன்றின் உதவி எண் அது. வாங்கிய புத்தகம் திறக்கவில்லையா? இவளைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒரு வருஷமாக ஒவ்வொரு செவ்வாயும் சரியாகப் பத்து மணிக்குக் கூப்பிடுவார் தியோஸ்கோரோ. கப்பலில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அவர் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். புத்தகத்துக்குக் கம்பெனி போட்ட பூட்டோ, லினக்ஸ் என்றால் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ரகம்!

'லினக்ஸுக்கு உதவி கிடையாது' என்று சொல்லி ஆறு நிமிஷத்தில் வைத்துவிட வேண்டும். அது கம்பெனி சட்டம். ஜோவிலின் அரை மணி நேரம் பேசுவாள். லெய்த்தே தீவிலிருந்து வந்து ஒற்றை அறையில் கிடப்பவள். 'சாப்பிட்டியாம்மா?' என்று அவளைக் கேட்கிற ஒரே குரல் அது.

பத்து இருபது...

பொறுக்கவில்லை. சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அவளே டயல் செய்தாள்.

"நோங்!" பெரியவர்களை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்ன, இன்னைக்கு என்னை மறந்துட்டீங்களா?"

"யாரும்மா நீ?"

வேறு குரல்!

"நீ... நீங்க யாரு?"

"இன்ஸ்பெக்டர் இபான்யெஸ். போனுக்குச் சொந்தக்காரர் என் காலடியில கிடக்கறார். உயிர் இல்ல."

ஜோவிலின் அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அழாதம்மா. வழுக்கி விழுந்து மேஜை முனையில தலை மோதியிருக்கு. இவரோட அக்கா பையன் ரெனான்டே இங்கதான் இருக்கான். ஒன்பதரைக்கு ரொட்டி வாங்கப் போனானாம். அப்போ மாமா லேப்டாப்ல ஜாலியா கதை படிச்சிட்டிருந்தாராம். உங்க கம்பெனி புத்தகம்தான். திரும்பி வந்து பார்த்தா பொணம். அவன்தான் எங்களைக் கூப்பிட்டான்."

"பொய் சார்!" கத்தியேவிட்டாள். "அந்த லேப்டாப்புல எங்க புத்தகம் திறக்கவே திறக்காது! ஒரு வருஷமா அதைச் சொல்லித்தானே எனக்குப் போன் பண்றாரு!"

இபான்யெஸ் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ரெனான்டே பக்கம் மெல்லத் திரும்பினார்.

"ஏம்ப்பா... திறக்காத புத்தகத்தை உங்க மாமா எப்படிப் படிச்சாரு?"

"சத்தியமா படிச்சாரு சார்! என் கண்ணால பார்த்தேன்!"

"சரி, ரொட்டி எங்க?"

ரெனான்டே வெறும் கையைப் பின்னால் மறைத்தான்.

"எந்தக் கடை? சொல்லு, போய்க் கேக்கலாம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வீட்டை வித்துப் பணம் தாங்கன்னு கேட்டேன் சார்... நிமிர்ந்துகூடப் பார்க்கல. 'பத்து மணிக்கு எனக்குப் போன் இருக்கு, அப்புறம் வா'ன்னாரு. ஆத்திரத்துல தள்ளிட்டேன்..."

கூட வந்த கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார். அவர் இடித்த வேகத்தில் மேஜை ஆட, தூங்கிக்கொண்டிருந்த லேப்டாப் விழித்துக்கொண்டது.

இபான்யெஸ் குனிந்தார். புருவம் ஏறியது.

"ஏம்மா... புத்தகம் திறந்துதான் இருக்கு! பக்கம் இருநூத்திப் பதினாலு."

"சா...ர்?"

"பக்கத்துல ஒரு நோட்டு. படிக்கறேன், கேளு. 'இந்த செவ்வாய்: பாஸ்வேர்டு ஏத்துக்கலைன்னு சொல்லணும். அடுத்த செவ்வாய்: எழுத்து உடைஞ்சு தெரியுதுன்னு சொல்லணும். ஜோவிலினுக்கு ஜலதோஷம் விட்டுதான்னு கேக்கணும்.' போன வருஷத்துலேர்ந்து வாரா வாரம் எழுதியிருக்காரு. பூட்டை எப்பவோ திறந்துட்டாரும்மா மனுஷன்!"

மறுமுனையில் மெல்லிய குரல்.

"எப்படித் திறக்கறதுன்னு எனக்கும் மொத வாரமே தெரியும் சார்... சொல்லிட்டா அப்புறம் கூப்பிட மாட்டாரேன்னுதான் சொல்லல."

இபான்யெஸ் போனை வைக்கவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை காதிலேயே வைத்திருந்தார்.

விலங்கோடு துள்ளினான் ரெனான்டே.

"அப்போ மாமா படிச்சாருன்னு நான் சொன்னது உண்மைதானே சார்!"

"உண்மைதாம்ப்பா! பொய் சொல்லி மாட்டினவனை நிறையப் பார்த்திருக்கேன்... உண்மையைச் சொல்லி மாட்டின மொத ஆளு நீதான்!"