தாமல் மேட்டில் நின்ற இஞ்சின்

"ஐயோ… பஸ்ஸுக்குள்ள ஆளு கெடக்குதுப்பா!"

தாமல் ஏரிக்கரையில் ஒருத்தி அலறினாள்.

தண்ணீரில் பாதி சாய்ந்து கிடந்த பஸ்ஸிலிருந்து டிரைவர் நமச்சிவாயத்தை இழுத்துப் போட்டார்கள். உயிர் இல்லை. வண்டியில் வேறு யாரும் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஆராவமுதன் வந்தபோது, பஸ் முதலாளி கைலாசம் மெக்கானிக் வீரபாகுவின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"இவன்தான் சார் கொலைகாரன். இஞ்சின் தலைய, அதான் மேல்மூடிய, இழைச்சே கெடுத்துட்டான். மேட்டுல இஞ்சின் நின்னு, வண்டி பின்னால உருண்டுடுச்சு."

"எதுக்குய்யா இழைச்சே?"

"இவருதான் சார் சொன்னாரு. வேலூர் ரோட்டுல எதிர்க் கம்பெனி பஸ்ஸ முந்தணுமாம். தலைய இழைச்சு எடத்தைக் கொறைச்சா, உள்ள பெட்ரோல் ஆவி இறுக்கமா அமுங்கி வெடிக்கும். வண்டி பறக்கும்."

"பறந்துதா?"

வீரபாகு தலையில் அடித்துக்கொண்டான்.

"எங்க சார்… மேடு வந்தா டக்கு டக்குனு தட்டுது. கழட்டினேன், கரிய சுரண்டினேன், பூட்டினேன். தட்டுது. மறுபடி கழட்டினேன். மறுபடி தட்டுது. சோறு இறங்கல, தூக்கம் புடிக்கல. இன்னா எழவுன்னே தெரியல சார்."

பாவம், அவனுக்காகப் பேச ஒரு நாதி இல்லை. ஜெயில் நிச்சயம்.

"விலங்கு மாட்டு," என்றார் ஆராவமுதன்.

கைலாசம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையார்பாளையத்தில் அவருக்குப் பட்டுத் தறிகளும் உண்டு. கையோடு கொண்டுவந்த பட்டு வேட்டியைப் பிரித்துப் பிணத்தின்மேல் போர்த்தினார்.

"என் வீட்டுப் புள்ள மாதிரி சார். தறியிலேர்ந்து அறுத்த புதுசு. கோடி போடறேன்."

கூட்டம் உச்சுக்கொட்டியது.

ஆராவமுதன் குனிந்து வேட்டியைச் சரிசெய்தார். மூக்கைச் சுளித்தார்.

பெட்ரோல் வாடை!

வேட்டி ஓரத்தில் ஈரம்கூடக் காயவில்லை.

நேரே பஸ்ஸுக்குப் போய் டாங்க் மூடியைத் திருகி மோந்தார்.

மண்ணெண்ணெய்…

"வீரபாகு, நீ இதை மோந்து பாக்கலியா?"

"பொடி போட்டுப் போட்டு மூக்கு செத்து வருஷமாச்சு சார்."

"கைலாசம், தறியில எண்ணெய்க் கறை படிஞ்ச பட்டை எதுல துடைப்பீர்?"

"பெட்ரோல்ல…"

"யார் பெட்ரோல்ல?"

கைலாசத்தின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்தது.

"பஸ்லேர்ந்து உறிஞ்சி எடுத்துட்டு, பதிலுக்குக் கிருஷ்ணாயில ஊத்தி வெச்சீர். அதானே?"

"ரொம்ப நாளா அப்டித்தான் சார் ஓடிக்கினு இருந்துது…"

"அது பழைய தலைய்யா!" வீரபாகு கத்தினான். "அது எத்த ஊத்தினாலும் குடிக்கும். இழைச்ச தலைக்குக் கிருஷ்ணாயில் ஆவாது. கண்டபடி வெடிச்சு பிஸ்டன ஓட்டை போட்டுடும். என் வேலை சுத்தம் சார். இத்தினி நாளா என்னையே திட்டிக்கினு கெடந்தேனே…"

கோபத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

விலங்கு கை மாறியது.

ஜீப்பில் ஏறப்போன கைலாசம் பிணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சார்… அசல் பட்டு. அத்தையாவது எடுத்துக்கினு வரட்டுமா?"

"இருக்கட்டும் ஓய். கோர்ட்டுல முதல் சாட்சியே அதுதான்."