பார்வதியின் மணிக்கட்டு

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மேடம்.”

“கேளேன் சவரி.”

“இப்ப வேணாம். ஒரு வேலைக்குப் போனப்புறம் கேக்கறேன்.”

அநாதை விடுதியிலிருந்து கலை வரலாறு படிக்க வந்த சவரிநாதன் இப்படிச் சொல்லி வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது அதே திருச்சிக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில், பேராசிரியை அக்னஸின் உதவியாளன் அவன். இன்னும் கேட்டபாடில்லை.

விடிந்ததும் விடியாததுமாக மயிலம்மாள் அக்னஸின் காலில் விழுந்தாள். “எம் புருசனைப் போட்டு மிதிக்கிறாங்கம்மா! ரெண்டு பல்லு போச்சு. ஒத்துக்கிற வரைக்கும் விட மாட்டாங்களாம்!”

முந்தைய நாள் சாயங்காலம் அருங்காட்சியகத்தின் சிலை அறையில் காவலாளி செல்லக்கண்ணு மண்டை பிளந்து செத்துக் கிடந்தார். அந்த அறையைப் பெருக்குகிறவன் மயிலம்மாளின் புருஷன் மருதை; அவனிடம் ஒரு சாவி இருந்தது. போலீசுக்கு அது போதும்.

அக்னஸ் போனபோது பிணத்தை எடுத்திருந்தார்கள். தரையில் ரத்தம் கறுத்து உறைந்திருந்தது. மேஜைமேல் வெண்கலப் பார்வதி படுத்திருந்தாள். பீடத்தில் ரத்தமும் நரைமுடியும்.

“திருட வந்திருக்கான், கிழவர் பார்த்துட்டார், ஒரே போடு! சிம்பிள் கேஸ் மேடம்” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அற்புதசாமி உற்சாகமாக.

“சிலையை யாராச்சும் தொட்டீங்களா?”

“ஊஹூம். உங்க சவரிகூட வாசப்படி தாண்டலை. ரத்தம்னாலே மயக்கமாம்!”

அக்னஸ் குனிந்து பார்த்தாள்.

“கொன்னவன் சிலையை வீசிட்டுப் போகலை சார். கழுத்துக்கும் கணுக்காலுக்கும் துணிச்சுருள் கொடுத்துப் படுக்க வெச்சிருக்கான். பதற்றத்துல கை தானா செஞ்ச வேலை. என் வகுப்புல நான் சொல்லித் தர்றது.”

“அப்ப உங்க ஸ்டூடன்ட்டா?”

“வலது மணிக்கட்டுக்கு அடியில மூணாவதா ஒரு சுருள் இருக்கு பாருங்க. அங்க மயிரிழை விரிசல். லென்ஸ் வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். போன வாரம்தான் பார்த்தோம்.”

“பார்த்தோம்னா?”

“நானும் சவரியும். வேற யாருக்கும் தெரியாது.”

“நீங்க நேத்து ஸ்ரீரங்கத்துல, கோயில் சிற்பம் காட்டப் பிள்ளைங்களோட...” அற்புதசாமி சட்டென்று வாசலைப் பார்த்தார். அங்கே நின்றிருந்த சவரி நகர்வதற்குள் பாய்ந்து, கையை முறுக்கிச் சுவரில் மோதவைத்து விலங்கு மாட்டினார். சவரியின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது.

“விடுங்க சார். மொதல்ல மருதையை விடச் சொல்லுங்க” என்றாள் அக்னஸ். சவரி பக்கம் திரும்பினாள். “ஏன்டா?”

“ஒரு சின்ன விக்கிரகத்தை விக்கத் தூக்கினேன். தாத்தா பார்த்துட்டார். போலீசுக்குச் சொல்லுவேன்னிருந்தா கால்ல விழுந்திருப்பேன். உங்ககிட்ட சொல்லுவேன்னார் மேடம். அப்பத்தான் அடிச்சேன்.”

அக்னஸ் தன் முந்தானையால் அவன் மூக்கை அழுத்தித் துடைத்தாள்.

“என்னமோ கேக்கணும்னியே சவரி, அது என்ன?”

விலங்கு மாட்டிய கைகளை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஒரே ஒரு தடவை... உங்களை அம்மான்னு கூப்பிட்டுக்கட்டுமா?”