மூன்றாவது வயர்

மிஷன் வீதி மாடியிலிருந்த துப்பறியும் அலுவலகத்துக்குள் நிலவன் தன் ரிமோட் காரோடு வந்து நின்றான். அந்தக் காரை அவனோடு சேர்ந்து உருவாக்கிய நண்பன் ஹரிகிருஷ்ணன் கீழே பைக்கை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"நான் ஏமாத்தல மேடம்," என்றான் நிலவன், துப்பறிவாளர் பூர்ணிமாவிடம்.

கருவடிக்குப்பம் மைதானத்தில் நடந்த பந்தயம் அது. பிரஷ் மோட்டார் கார்களுக்கு மட்டுமே அனுமதி. நிலவன் ஜெயித்தான். பரிசளிப்புப் பேச்சுகள் நீண்டன. அவன் மேடையில் நின்றபோதே யாரோ புகார் அனுப்பிவிட்டார்கள். நடுவர்கள் காரின் மூடியைத் தூக்கி, மோட்டாரின் மேல் இருந்த பெயரைப் படித்தார்கள். பிரஷ்லெஸ், வேகம் கூடிய ரகம். அத்தோடு மூடி முத்திரை வைத்துவிட்டார்கள். கோப்பையும், கோயம்புத்தூர் பந்தய அணியில் கிடைக்கவிருந்த வேலையும் இரண்டாவதாக வந்த கமலக்கண்ணனுக்குப் போயின.

"கமலக்கண்ணன்தான் மேடம், வேற யாரு!" என்றாள் உதவியாளர் அபி.

பூர்ணிமா முத்திரையை உடைத்து மோட்டாரைக் கழற்றினாள். அதன் அடியில் ஒரு வயர் எதோடும் சேராமல், சுருட்டி டேப் ஒட்டிக் கிடந்தது. பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பழையபடி மாட்டி மூடினாள்.

"பிரஷ் மோட்டாருக்கு ரெண்டு வயர் போதும். பிரஷ்லெஸ்ஸுக்கு மூணு வேணும், அத ஓட்டறதுக்குன்னு தனி கண்ட்ரோலரும் வேணும். இந்தக் கார்ல இருக்கறது ரெண்டு வயர் கண்ட்ரோலர்."

"அப்ப இந்த மோட்டார் சுத்தவே சுத்தாதே!" அபி துள்ளினாள். "பந்தயம் முடிஞ்சப்புறம் மாத்தியிருக்காங்க!"

"அப்ப கார் யார்கிட்ட இருந்துச்சு?"

"ஹரிகிட்ட. கொஞ்ச நேரம் பெஞ்சு மேல வெச்சுட்டுப் போனானாம். கமலக்கண்ணனும் அங்கதான் இருந்தான்," என்றான் நிலவன்.

ஹரி படியேறி வந்தான். பூர்ணிமா அவனை உட்காரச் சொன்னாள்.

"நீங்க என்ன நெனைக்கறீங்க தம்பி?"

"கமலக்கண்ணன் வேலதான் மேடம். அவசரத்துல மாட்டியிருக்கான். மூணாவது வயர சுருட்டி, டேப் போட்டு அடியில தள்ளிட்டான் பாருங்க."

அபியின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது.

"அந்த டேப்ப எப்ப பாத்தீங்க?" என்றாள் பூர்ணிமா.

"நடுவருங்க தொறந்தப்ப..."

"அவங்க பேரைப் படிச்சதோட சரி. மோட்டாரைக் கழட்டினாத்தான் டேப் கண்ணுல படும். இப்பதான் நான் கழட்டினேன். நீங்க கீழ இருந்தீங்க."

ஹரி தலை குனிந்தான்.

"மோட்டார மாத்துனதும் புகார் அனுப்புனதும் நான்தான்," என்றான். "ஜெயிச்சா இவன் கோயம்புத்தூர் போயிடுவான். தோத்துட்டா இங்கயே இருப்பான்னு நெனச்சேன். ஏமாத்துக்காரன்னு பேரு வரும்னு தோணல."

நிலவன் அவன் பக்கம் திரும்பினான்.

"போவாதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இருந்திருப்பேனேடா."

அவன் காரை எடுத்துக்கொள்ளாமலே படியிறங்கினான். ஹரி எழுந்து இரண்டடி வைத்து, அப்படியே நின்றுவிட்டான்.

சற்று முன் துள்ளியதை நினைக்க அபிக்குக் கூசியது. பூர்ணிமா நடந்ததைச் சொல்லப் பந்தயச் சங்கத்துக்குப் போன் போட்டாள். பேசி முடிக்கும்வரை ஹரி உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.