குசினிச் சுவரில் எண்ணெய்

துடைத்த இடத்தில் மறுபடியும் எண்ணெய் இருந்தது.

மக்டலீன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைக் காலையில்தான் ஜாவெக்ஸ் பிளீச் விட்டுத் தேய்த்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். இப்போது அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் பளபளப்பு. தொட்டால் விரலில் ஒட்டியது. வெளியே பால்கனியெல்லாம் பனி மூடிக் கிடக்க, அந்த இடம் மட்டும் இளஞ்சூடாக இருந்தது. சீ என்று விரலைப் பாவாடையில் துடைத்தாள். பிறகு பாவாடையையும் அருவருத்தாள்.

மணமும் போகவில்லை. கிறிஸ்மஸுக்குப் பிறகு அவள் இந்தக் குசினியில் மீன் சமைக்கவேயில்லை. பக்கத்துக் கதவுக்காரர்கள் கறி நாறுகிறதென்று ஒப்பீசில் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பர் இராசரத்தினம் அண்ணை வந்து வாசலிலேயே நின்று சொன்னார்:

"பிள்ளை, உந்த மணம் நிக்காட்டி ஓனர் லீஸை நீட்ட மாட்டானாம். நானும் உமக்காக எவ்வளவெண்டு கதைக்கிறது?"

அன்றைக்கு அவளுக்கு வெட்கத்தில் உடம்பே கூசிவிட்டது. தாளிப்பதை நிறுத்தினாள். பாணும் அவித்த முட்டையும் தின்றாள். திரைச்சீலைகளைத் தோய்த்தாள். தலைமயிரை முகர்ந்து முகர்ந்து குளித்தாள். இந்த மாதக் கடைசியோடு லீஸ் முடிகிறது. அடுத்த மாதம் கஸ்பர் வருகிறான். கல்யாணம் கட்டிச் சில நாட்கள் மட்டுமே கூட இருந்த புருசன், ஸ்பொன்சர் விசா ஒருவழியாகச் சரிவந்து மன்னாரை விட்டு இந்த வீட்டுக்குத்தான் வரப்போகிறான். பக்ரரியில் போத்தல் மூடி தரம் பிரிக்கும் தனிப் பெண்ணை நம்பி இந்த டோர்செட் பார்க் பக்கத்தில் வேறு யார் வீடு தரப்போகிறார்கள்?

சமைக்காமல் விட்டால் மணம் குறைய வேண்டும். இது நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனது.

பின்னேரம்தான், ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது. இராசரத்தினம் அண்ணை இன்றைக்கு வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியென்றால் கையெழுத்து வாங்குவதாகச் சொல்லியிருந்தார். பிரிட்ஜின் உறுமல் அடங்கியபோது குசினி திடீரென்று அமைதியானது. அந்த அமைதிக்குள், பல்லில்லாத வாய் எதையோ சூப்புவதுபோல ஈரமாக, மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் விரும்பினாள்.

மூக்கைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனாள். முதலில் மீன்குழம்பு மணத்தது. அவளுடையதேதான், அதே புளி, அதே வெந்தயம். அதற்குக் கீழே அவள் ஒருநாளும் சமைத்திராத பன்றிக் கொழுப்பு. அதற்கும் கீழே அவித்த கோவா இலை, சுருட்டுப் புகை, யாரோ ஒரு குழந்தை கக்கிய பால். அவளுக்கு முன் இங்கே குடியிருந்த அத்தனை பேரும் தின்றதெல்லாம் அந்தச் சுவருக்குள் புளித்துக் கிடந்தது.  இத்தனை நாளும் என்னுடைய நாற்றம் என்றல்லவா கூசிச் செத்தேன் என்று கோபம் வந்தது.

கரண்டிக் காம்பால் சுவர்ப் பெயின்ரைச் சுரண்டினாள். பாலாடை மாதிரிச் சுருங்கி உரிந்தது. உள்ளே சீமெந்து இல்லை.

ஈரமான இளஞ்சிவப்பு. அதில் மயிர். மெல்லிய, நனைந்த மயிர். நடுவில் ஒரு மடிப்பு. விரல் பட்டதும் மடிப்பு சுருங்கியது. பிறகு திறந்தது. உள்ளிருந்து ஒரு நாக்கு வெளியே வந்து, அவள் விரல் நுனியில் இருந்த எண்ணெயை நக்கியது.

கத்த வாயைத் திறந்தாள். கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, நான்தான்."

கத்தினால் அவர் பார்ப்பார். பார்த்தால் ஓனருக்குச் சொல்வார். சுவரை உடைப்பார்கள், அவளை வெளியே போகச் சொல்வார்கள், கஸ்பர் பெட்டியோடு வந்து எங்கே இறங்குவான்? மக்டலீன் திரும்பி நின்று, முதுகை அதன்மேல் அழுத்திச் சாய்ந்தாள். மணம் சட்டென்று அடைபட்டது.

"வாங்கோ அண்ணை, கதவு பூட்டேல்லை."

அவர் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"இப்ப ஒரு மணமும் இல்லை. பாத்தீரே, கொஞ்சம் கவனிச்சா எல்லாம் சரிவரும்."

"ஓம் அண்ணை."

"ஏன் சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறீர்?"

"முதுகும் நாரியும் நோகுது அண்ணை. நாள் முழுக்க நிண்ட வேலை."

சட்டைக்குள் சூடு பரவியது. ஏதோ வழிந்தது. நாக்கு அவள் முள்ளந்தண்டின் ஒவ்வொரு எலும்பாகத் தடவித் தடவி மேலே ஏறியது.  

"கஸ்பர் எப்ப வாறார்?"

"வாற மாசம்."

"அப்ப ரெண்டு வருசத்துக்கே போடுவம். அவரும் வந்து நிம்மதியா இருக்கலாம்."

அவளால் மேசைக்கு வர முடியாதென்று நினைத்து அவரே லீஸ் பைலைக் கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்துப் போட்டாள்.  அவளுக்குரிய பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு, நாரிக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

விலகப் பார்த்தாள். முடியவில்லை. சட்டை ஒட்டியிருந்தது. சட்டை மட்டுமல்ல. தோல்.

பிடரியில் உதடுகள். கொண்டையைக் கவ்வின. ஊசி ஒன்று நிலத்தில் விழுந்தது. தலை பின்னுக்கு இழுபட்டது. மெல்ல. அவசரமேயில்லாமல். காதுக்குப் பக்கத்தில் மயிர் அரைபடும் சத்தம்.

அவள் கத்தவில்லை. பக்கத்துக் கதவுக்காரர்கள் கேட்டால் மறுபடியும் முறைப்பாடு கொடுப்பார்கள். கையிலிருந்த லீஸில் எண்ணெய் பட்டுவிடக் கூடாதென்று, அதை மட்டும் எட்டின மட்டுக்கும் தூரத்தில் நீட்டிப் பிடித்தாள்.